அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்

கதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்கு இந்த மாதப் பதில்கள்

இந்த முறை கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கதையின் ஒரு பகுதியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம். ‘என் உரையாடல் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் நானும் பொதுவாக எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். பத்து வரி கையில் இருந்தால், எந்த வரியில் கதை நின்றுபோகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கேள்வி: ‘உணர்ச்சி அழுத்தமாக இல்லை’ என்று என் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் உணர்ச்சியைத்தானே எழுதியிருக்கிறேன்? அண்ணன் இறந்த செய்தி வரும் காட்சியை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு? – கல்லூரி மாணவி ஒருவர்

உங்கள் காட்சியை மூன்று முறை படித்தேன். தொலைபேசி வருகிறது. ‘அந்தச் செய்தியைக் கேட்டதும் தாங்க முடியாத துயரம் அவளைச் சூழ்ந்தது. இதயம் சுக்குநூறாக உடைந்தது. உலகமே இருண்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வாக்கியங்களையும் எந்தச் சாவுக்கும் எடுத்து வைக்கலாம். அண்ணன் என்பதைக் கணவன் என்று மாற்றினாலும், தோழி என்று மாற்றினாலும் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது. அதுதான் சிக்கல். யாருக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் பெண்ணுக்குப் பொருந்தாது.

அதே காட்சியில் நான்கு வரி முன்னால் அருமையான ஒன்றை நீங்களே வைத்திருக்கிறீர்கள். அண்ணன் எந்த வார்டில் இருக்கிறான் என்று குறித்துக்கொள்ள அவள் பேனா தேடுகிறாள். செய்தி வந்ததும் பேனாவை மறந்துவிட்டீர்கள். அதை அவள் கையிலேயே விட்டுவையுங்கள். நான் எழுதிப் பார்த்தேன்:

‘இப்பதான். பத்து நிமிஷம் ஆச்சு’ என்றது குரல். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். ‘வார்டு நம்பர் சொல்லுங்க’ என்றாள். ‘பதினேழா, பதினெட்டா?’ எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘பதினெட்டு’ என்றார்கள். எழுதிக்கொண்டாள். அதன் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை. இன்னொன்று போட்டாள்.

துயரம் என்ற சொல் இதில் இல்லை. இனி அந்த வார்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்பதும் சொல்லப்படவில்லை. அவளுக்கு அது இன்னும் எட்டவில்லை, வாசகருக்கு எட்டிவிட்டது. அந்த இடைவெளியில்தான் வாசகர் கலங்குவார். இதற்குப் பிறகு ‘அவள் அதிர்ச்சியில் உறைந்து போயிருந்தாள்’ என்று எழுதக் கை துடிக்கும். எனக்கும் துடிக்கும். எழுதிவிட்டால், அடித்துவிடுங்கள்.

இது புதிய பாடம் ஒன்றும் இல்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. எட்டோடு விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களைச் சொல்கிறார் தொல்காப்பியர். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்தியது, உற்றவரையோ உடைமையையோ இழந்தது, முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து தளர்ந்தது, இல்லாமை. எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கைக்கு உதவுகிற கருவி வேறு இருக்கிறதா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. உங்கள் பாத்திரம் அழும்போது இந்த நான்கில் எதற்காக அழுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். அவமானத்தில் அழுகிறவள் முகத்தை மறைப்பாள். இழப்பில் அழுகிறவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைவே இருக்காது. ‘அழுதாள்’ என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் காட்சியாக்கக் கிளம்பிவிடாதீர்கள். ‘மூன்று வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை’ என்பது நேரடியான தகவல்தான், ஆனால் நல்ல வாக்கியம். அதைக் காட்சியாக்கினால் முப்பது பக்கம் வீணாகும். கதையின் கனம் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே நின்று காட்டுங்கள். மற்ற இடங்களைச் சொல்லிக் கடந்துவிடலாம்.

கேள்வி: உரையாடலைப் பேச்சு வழக்கில் எழுதுவதா, எழுத்து வழக்கிலா? பேச்சு வழக்கில் எழுதினால் மற்ற பகுதி வாசகர்களுக்குப் புரியாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். – வங்கி ஊழியர் ஒருவர்

பேச்சு வழக்கில் எழுதுங்கள். உங்கள் கதையில் வீட்டுக்குத் தாமதமாக வருகிற மகனிடம் அம்மா, ‘நீ ஏன் இவ்வளவு நேரமாக வரவில்லை? உன்னை எண்ணி நான் மிகவும் கவலையுற்றேன்’ என்கிறார். எந்த அம்மாவும் இப்படிப் பேச மாட்டார். ‘மணி என்ன தெரியுமா?’ என்று கேட்பார். கவலை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உங்களுடைய சிக்கலில் வழக்கு ஒரு பாதிதான். இன்னொரு பாதி, பாத்திரங்கள் தங்கள் மனதை அப்படியே எடுத்துச் சொல்லிவிடுவது. மனிதர்கள் சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். கோபமாக இருக்கிறவர் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்பார்.

நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வாசகரைத் தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் வழக்குச் சொல் இல்லை, எழுத்துக்கூட்டல்தான். வாயில் வருகிற ஒவ்வொரு ஒலியையும் தாளில் பிடிக்கப் பார்த்தால், வாசகர் கதையை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிப்பார். ‘வந்துகிட்டு இருக்கேன்’, ‘வந்துட்டிருக்கேன்’, ‘வந்துண்டிருக்கேன்’ – மூன்றும் மூன்று மனிதர்கள். ஒருவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசிப் பக்கம் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு துண்டுத்தாள் வைத்திருப்பேன். ‘இவர் “இல்ல” என்பார், “இல்லை” என்று சொல்ல மாட்டார். “பாரு” என்று வாக்கியத்தைத் தொடங்குவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.’ மூன்று நான்கு குறிப்பு போதும். புரியாத வட்டாரச் சொல் வந்தால், அடுத்த வரியில் யாராவது அந்தப் பொருளைத் தொடட்டும், தூக்கட்டும். அடிக்குறிப்பு வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு செல்வம் கையிலேயே இருக்கிறது: நீ, நீங்க, வா, வாங்க, டா, டி. இது வெறும் மரியாதைக் கணக்கு இல்லை. இதை வைத்து ஒரு முழுக்கதையைத் திருப்பலாம். கதை முழுவதும் தம்பியை ‘டா’ போட்டுப் பேசிக்கொண்டிருந்த அக்கா, சொத்து பிரிக்கிற அன்று பத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி, ‘இங்க கையெழுத்து போடுங்க’ என்கிறாள். ‘போடுங்க’ என்ற அந்த ஒரு சொல்லில் உறவு முடிந்துவிட்டது. அதன் பிறகு ‘அவர்களுக்குள் விரிசல் விழுந்துவிட்டது’ என்று நீங்கள் எழுதினால், நடந்து முடிந்ததற்கு அறிவிப்பு ஒட்டியது போல இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. பல மாதம் ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் அவசரத்தில் ‘ஏய், பாத்து வா’ என்று சொல்லிவிட்டால், காதலைச் சொல்லத் தனியாக ஒரு காட்சி தேவையே இல்லை.

‘என்றான்’, ‘சொன்னாள்’ போதும். இயம்பினான், வினவினாள், முழங்கினான், பகர்ந்தாள் எல்லாம் வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கும். ‘என்றான்’ ஒரு பக்கத்தில் பத்து முறை வந்தாலும் கண்ணில் படாது. ஆனால் தமிழில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. பேசியவர் யார் என்பது பேச்சு முடிந்த பிறகுதான் வரும். ஆறு வரி வசனத்துக்குப் பிறகு ‘என்றார் மாமா’ என்று வந்தால், அதுவரை வாசகர் வேறு யாருடைய குரலிலோ படித்திருப்பார். நீளமான பேச்சுக்கு முன்னால் அவரை ஒரு சிறிய வேலை செய்ய விடுங்கள். ‘மாமா ஜன்னலைச் சாத்தினார்.’ அடுத்து வருகிற வசனம் அவருடையது என்று தானாகவே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் வசனத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் போதாது. நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த இடத்தைத் திருத்துவது பிறகு.

கேள்வி: தாய், மகள் இருவருடைய மனதையும் ஒரே காட்சியில் காட்டலாமா? குழப்பமாக இருக்கிறது என்கிறார்கள். – இல்லத்தரசி ஒருவர்

காட்டலாம். ஆனால் உங்கள் காட்சியில் குழப்பத்துக்குக் காரணம் எளிமையானது. இருவருமே ‘அவள்’. ‘அவள் கதவைத் திறந்தாள். அவள் இன்னும் கோபமாக இருப்பாள் என்று நினைத்தாள்.’ யார் திறந்தது, யார் நினைத்தது, யாருக்குக் கோபம்? எழுவாயை விட்டுவிட்டு எழுதத் தமிழ் இடம் கொடுக்கிறது, வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறது. இரண்டு பெண்கள் ஓர் அறைக்குள் வந்ததும் அந்த வசதியே நமக்கு எதிராகத் திரும்பிவிடும். பெயரைத் திரும்பத் திரும்ப எழுதக் கூச்சப்படாதீர்கள். அல்லது தாயை ‘அம்மா’ என்றே எழுதுங்கள். அப்படி எழுதிய அந்த நொடியில் கதை மகளின் பக்கம் போய் நின்றுகொள்ளும். அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் அனுப்பிய ஐந்து பக்கத்தில் மகளுக்குத்தான் தெரியாத விஷயம் இருக்கிறது. தெரியாதவர் பக்கம் நின்றால் வாசகருக்கும் தேடல் இருக்கும்.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்று தீர்மானித்துவிட்டால் வர்ணனையின் தொல்லையும் பாதி தீரும். ஒரு வீட்டின் முன்னறை. அதை விலைக்கு வாங்க வந்தவர் சுவரின் ஈரத்தைப் பார்ப்பார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பார், கால் அடியால் அகலத்தை அளப்பார். அங்கே வளர்ந்து வெளியேறிய பெண், கதவு நிலையில் தன் உயரத்தைக் குறித்த பென்சில் கோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். அறை ஒன்றுதான். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் அது பொருள் பட்டியல் ஆகிவிடும். ஒருவரின் கண்ணில் எழுதினால் அறையோடு சேர்த்து அந்த மனிதரும் தெரிவார். வர்ணனையை வாசகர்கள் தாண்டிப் போகிறார்கள் என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். யாருமே பார்க்காத வர்ணனையைத்தான் தாண்டுகிறார்கள்.

சின்னக் கேள்விகள், சின்னப் பதில்கள்

*சிறுகதை எத்தனை வார்த்தை இருக்க வேண்டும்?* நீங்கள் அனுப்பப் போகிற இதழ் என்ன கேட்கிறதோ அத்தனை. யாருக்கும் அனுப்பாத கதைக்கு அளவு கிடையாது. முதல் வரைவு எவ்வளவு வந்தாலும் இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். என் கதைகளில் குறைத்ததால் கெட்டது எதுவும் எனக்கு நினைவில்லை.

*தலைப்பை எப்போது வைப்பது?* கடைசியில். கதை முடியும் வரை ஒரு எண் போட்டு வைத்திருங்கள்.

*கதையை அலாரம் அடிப்பதில், பொழுது விடிவதில் தொடங்கலாமா?* பதினோரு வருடம் ஓர் இதழுக்காகக் கதைகளைத் தேர்வு செய்து கொடுத்தேன். வந்து குவிந்த கதைகளில் அவ்வளவு பேர் கண்விழித்தார்கள். அந்த நாளில் என்ன மாறப்போகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குங்கள். முதல் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பலமுறை கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

*ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டுமா?* இல்லை, இப்போதே எழுதுங்கள். ஆனால் அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும். ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறீர்கள். ‘வேலைக் கொடு’ என்றால் கையில் இருக்கிற வேலாயுதத்தைக் கேட்கிறீர்கள். ஒரு ‘க்’ கதையையே மாற்றிவிடும் என்று தெரிந்துவிட்டால் இலக்கணம் சுமையாக இருக்காது.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். முதல் நான்கு அத்தியாயத்தைப் பன்னிரண்டு முறை திருத்திவிட்டேன். ஐந்தாவது வரவே இல்லை. – பொறியாளர் ஒருவர்

நான்கு அத்தியாயமும் நன்றாக இருக்கின்றன. அதுதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மெருகேறிய நான்கு அத்தியாயத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழுதுகிற எதுவும் கரடுமுரடாகத்தான் தெரியும். உடனே பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்த் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்த நான்கையும் கட்டி, கை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கணினியில் என்றால் வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள். ஐந்தாவது அத்தியாயம் எழுதும்போது ‘இந்தத் தங்கை பாத்திரம் தேவையில்லை’ என்று தோன்றினால், திரும்பிப் போய் அவளை எடுக்காதீர்கள். ஒரு தாளில் ‘அத். 2: தங்கை வேண்டாம்’ என்று குறித்துவிட்டு, அவள் முதலிலிருந்தே இல்லை என்ற கணக்கில் மேலே எழுதுங்கள். முதல் வரைவில் முன்னும் பின்னும் பொருந்தாமல் இருப்பது குற்றம் இல்லை. என் இரண்டாவது நாவலில் நூற்று நாற்பது பக்கம் போன பிறகுதான் தவறான ஆள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதே ஆளை வைத்தே கடைசி வரை எழுதி முடித்தேன். முடித்திருக்காவிட்டால் சரியான ஆள் யார் என்று தெரிந்தே இருக்காது. கடைசி அத்தியாயத்தில் கதவைத் திறந்துவிட வந்த ஒரு வேலையாள்தான் அவர்.

நான் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுகிறேன். வலது பக்கத்தில் மட்டும். இடது பக்கம் காலியாக இருக்கும். மறுநாள் படிக்கும்போது தோன்றுகிற திருத்தம் எல்லாம் இடது பக்கத்துக்குப் போகும், வலது பக்கத்தைத் தொட மாட்டேன். திருத்த வேண்டும் என்ற அரிப்புக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, கதையும் நகர்கிறது. தட்டச்சு செய்கிறவர்கள் ஓரக் குறிப்பாக இதைச் செய்யலாம்.

தினமும் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1958-ல் வெளியான ஒரு நேர்காணலில் சொன்னார். நான் இன்னும் ஒரு படி போய், வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவேன். ‘அவர் படியேறி வந்தபோது கையில்’ என்று முடிந்திருக்கும். மறுநாள் உட்கார்ந்ததும் முடிக்க ஒரு வாக்கியம் காத்திருக்கும். வெள்ளைத் தாளின் பயம் வருவதற்குள் மூன்று வரி எழுதியிருப்பேன்.

கேள்வி: என் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கதையாக்கியிருக்கிறேன். பெயர், வயது, வேலை எல்லாம் மாற்றிவிட்டேன். அத்தை படித்தால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. – பெயர் வெளியிட விரும்பாதவர்

கண்டுபிடித்துவிடுவார். பெயரையும் வேலையையும் வைத்து யாரும் தங்களை அடையாளம் காண்பதில்லை.

முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு கதை எழுதினேன். அதில் வருகிற ஒரு பெண், ரூபாய் நோட்டுகளை மூன்று முறை எண்ணுவாள். மூன்றாவது முறை எண்ணும்போது உதடு அசையும். எனக்கு மிகவும் வேண்டிய உறவினர் ஒருவரிடம் பார்த்தது அது. கதையில் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர், வேறு குடும்பம், வேறு வாழ்க்கை. அவரைப் பற்றிய கதையே இல்லை. அவர் படித்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கதை நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் பணம் எண்ணவே இல்லை. ஏதாவது வாங்கி வந்து பணம் கொடுத்தால், அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவர் போய்ச் சேரும் வரை அப்படித்தான். அந்த உதட்டசைவு கதைக்குத் தேவைப்படவில்லை. நன்றாக இருந்தது என்பதற்காக நான் எடுத்து வைத்துக்கொண்டது. இன்று வரை அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். அந்த நிகழ்ச்சியில் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது எது? அத்தைக்கு நடந்ததா, அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சும்மா இருந்ததா? கடிதத்தில் இரண்டாவது பக்கத்தில் ‘நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கதை அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே நிற்கிறவரைப் பற்றி எழுதுங்கள். உள்ளே நடப்பது வேறொரு சம்பவமாக, வேறொரு மனிதருக்கு நடப்பதாக இருந்தாலும் அந்தக் குற்றவுணர்ச்சி அப்படியே வரும். இரண்டாவது, கதையில் அத்தையின் கை, நடை, சொல் என்று அடையாளம் சொல்லிவிடக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் கதை நிற்கிறதென்றால் அது வேண்டாம். எடுத்தால் கதை விழுந்துவிடும் என்கிற ஒன்று இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தையிடம் போய் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கடினம்தான். ஆனால் அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்வது அதைவிடக் கொடுமை.

கேள்வி: என் கதைகளின் முடிவு எப்போதும் சப்பென்று போய்விடுகிறது. திருப்பம் வைத்துப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. – ஆசிரியை ஒருவர்

நீங்கள் அனுப்பிய மூன்று கதையிலும் கடைசிப் பத்தியை அடித்துவிட்டுப் படித்தேன். இரண்டு கதை சரியாகிவிட்டது. உதாரணத்துக்கு அந்த ஓட்டுநர் கதை. பல வருடம் பேசாத மகன் பேருந்தில் ஏறுகிறான். டிக்கெட்டுக்குக் கை நீட்டிய நடத்துனரிடம் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, ‘அவர்கிட்ட வாங்கிடு’ என்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ‘வாங்காதே’ என்றுதான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அங்கே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே, ரத்த பாசமும் தன்மானமும் மோதுவது பற்றி ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குப் புரிந்திருக்குமோ இல்லையோ என்ற கவலையில் எழுதியது. புரிந்துவிட்டது.

மூன்றாவது கதையின் சிக்கல் வேறு. அங்கே முடிவில் தவறில்லை, தொடக்கத்தில்தான். முதல் பக்கத்தில் ‘இந்தப் பெண் வீட்டை விட்டுப் போவாளா’ என்று எங்களைக் கேட்க வைக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் தொலைந்த நகையைத் திருடியது யார் என்று பதில் சொல்கிறீர்கள். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. திருப்பம் பலிக்காததற்கும் அதுவே காரணம். கடைசிப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், முதல் பக்கத்துக்குப் போய் அங்கே நகை காணாமல் போகட்டும். அல்லது நகையை விட்டுவிட்டு அவள் பெட்டி கட்டுவதை எழுதுங்கள்.

முடிவு வரும் வரை பலமுறை எழுத வேண்டியிருப்பதைப் பற்றி மனம் தளராதீர்கள். மேலே சொன்ன அதே நேர்காணலில் ஹெமிங்வே, தன் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகச் சொல்கிறார். 2012-ல் வந்த பதிப்பில் அவர் எழுதிப் பார்த்த மாற்று முடிவுகளைத் தொகுத்து அச்சிட்டார்கள், அவை 47. என்ன சிக்கல் என்று அந்த நேர்காணலில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், வார்த்தைகளைச் சரியாக அமைப்பதுதான் என்பது.

கேள்வி: எனக்கு அறுபத்து மூன்று வயது. கை நடுக்கம் வேறு. இனிமேல் கதை எழுத ஆரம்பிப்பதில் அர்த்தம் உண்டா? – ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

உண்டு. ஆங்கில எழுத்தாளர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977-ல் வந்தபோது அவருக்கு வயது அறுபது. இரண்டு வருடம் கழித்து, 1979-ல், புக்கர் பரிசு வாங்கினார். பரிசுக்காகச் சொல்லவில்லை. அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அவருக்குச் சரக்காக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே ஒரு சரக்கு இருக்கிறது. முகவரி அழிந்த உறைகளைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைப்போம், மழைக்காலத்தில் பெட்டி நிறைந்துவிடும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ஒரு நாள், ஓர் உறை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஓர் ஊழியர். இதை வைத்துத் தொடங்குங்கள். பணிக்காலம் முழுவதையும் ஒரே கதைக்குள் அடைக்க வேண்டாம்.

கை நடுங்கினால் எழுத வேண்டாம், சொல்லுங்கள். செல்பேசியில் பதிவு செய்யும் வசதி இருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பதாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுங்கள். அப்புறம் வீட்டில் இளையவர் யாரையாவது விட்டுத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் பேசியது எப்படி இருக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டும், ‘அப்புறம் பாத்தீங்கன்னா’ என்று நீங்கள் இழுத்த இடம்கூட விடுபடக் கூடாது. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் தாளுக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.